அசை பிரித்துப் பாருங்கள்!

"அம்மா, அடுத்த மீட்டிங்குக்கு நீ வர வேண்டாம். அப்பாவை வரச் சொல்லு."

பள்ளிக்கூட வாசலைத் தாண்டி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் என் பெரியவள் சொன்ன முதல் வார்த்தை இது. 2019-ஆம் வருஷம். அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது.

நடந்தது இதுதான். அவளுடைய வகுப்பு ஆசிரியை, பெண் இப்படி ஒல்லியாக இருக்கிறாளே, டிபனுக்கு என்ன கொடுத்து அனுப்புகிறீர்கள் என்று அன்பாகத்தான் கேட்டார். தமிழிலேயே பதில் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் மற்ற அம்மாக்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்களா, எனக்கும் ஓர் ஆசை வந்துவிட்டது. "டெய்லி வெஜிடேபிள் ரைஸ் மேடம், பாடி டெவலப்மென்ட்டுக்கு நல்லது" என்றேன். வெஜிடேபிளில் ஒரு மேஜையையே தூக்கி வைத்துவிட்டேன். டெவலப்மென்ட்டிலோ, முதல் எழுத்திலேயே உலக்கையைப் போட்ட மாதிரி ஓர் இடி! பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. என் மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆட்டோவில் நான் பதில் பேசவில்லை. ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போதுதான் அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டால் சத்தம் வெளியே கேட்காது என்பது நம்மில் பலருக்குத் தெரிந்த ரகசியம்தானே!

நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். 1996-ல் பரீட்சை எழுதினேன். தமிழில் நல்ல மார்க். ஆங்கிலத்திலும் பாஸ்தான். அர்த்தம் தெரியும், ஸ்பெல்லிங் எழுதுவேன். ஆனால் வாயால் சொல்ல வேண்டும் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதிலும் எட்டெழுத்து, பத்தெழுத்துக்கு மேல் போய்விட்டால் கூட்ஸ் வண்டியைப் பார்த்த மாதிரி இருக்கும். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, எந்தப் பெட்டிக்குப் பிறகு எந்தப் பெட்டி என்று ஒன்றும் புரியாது.

எங்கள் வீட்டு மாடியில் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் குடியிருந்தார். டீச்சரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மறுநாள் தோசை மாவு கொடுக்கப் போனவள், மனசு தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "உன் இங்கிலீஷ்ல தப்பு ஒண்ணும் இல்லேம்மா. ஸ்ட்ரெஸ்தான் இல்லே" என்றார்.

"ஸ்ட்ரெஸ் இல்லையா? அதுதான் எனக்கு நிறைய இருக்குன்னு டாக்டர் சொன்னாரே டீச்சர்!"

டீச்சரம்மா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் என் பாடம் ஆரம்பமாயிற்று.

முதல் நாள் பாடத்துக்குப் புத்தகமே வேண்டியிருக்கவில்லை. "புறங்கையை மோவாய்க்குக் கீழே வை. இப்போ 'டாக்டர்'னு சொல்லு. மோவாய் எத்தனை தடவை கையிலே இடிக்குது?" என்றார். இரண்டு தடவை இடித்தது. டாக், டர். "பேப்பர்?" இரண்டு. "பனானா?" மூன்று. "அவ்வளவுதான். வாய் ஒரு தடவை திறந்து ஓர் உயிரெழுத்துச் சத்தம் வந்தால் அது ஒரு ஸிலபிள். நம்ம ஊர்ல அசைன்னு வச்சுக்கோ."

எழுத்துக்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாதாம். 'ஸ்ட்ரெங்த்' என்பதற்கு எட்டு எழுத்து, ஆனால் ஒரே அசை. 'ஏரியா'வுக்கு நாலே எழுத்து, ஆனால் மூன்று அசை. நாம் தவறு செய்வது எங்கே தெரியுமா? தமிழில் வார்த்தையின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வராது. ஆகவே நம் நாக்கு ஒத்தாசைக்கு ஓர் உயிரெழுத்தைக் கூப்பிட்டுக்கொள்கிறது. 'ஸ்கூல்' ஒரே அசை. 'இஸ்கூல்' என்றால் இரண்டாகிவிடுகிறது. 'பஸ்' ஒன்று, 'பஸ்ஸு' இரண்டு. சினிமாவுக்கு ஆங்கிலேயன் சொல்லும் 'ஃபில்ம்' ஒன்று. நம்முடைய 'பிலிம்' இரண்டு. இது படிக்காத தனத்தினால் வருவது இல்லை, தாய்மொழிப் பழக்கம் என்று டீச்சரம்மா சொன்னபோது என் மனசிலிருந்து ஒரு கல் இறங்கிற்று.

அசை என்றதும் எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்தது. நேர், நிரை என்று பிரித்து, தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று வாய்பாடு எழுதினோமே, அதற்கு எனக்கு எப்போதும் முழு மார்க். சொன்னதும் டீச்சரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்போ உனக்கு நான் புதுசா சொல்லித்தர ஒண்ணுமே இல்லே. ஆனா ஒரு வித்தியாசம் பார்த்துக்கோ. 'புளி' நம்ம கணக்குல நிரையசை, ஒண்ணுதான். இங்கிலீஷ் கணக்குல வாய் ரெண்டு தடவை திறக்குது, அதனாலே ரெண்டு. அப்படியே ஒட்டிப் பார்க்காதே. பிரிக்கிற பழக்கம் இருக்கே, அதை மட்டும் எடுத்துக்கோ" என்றார்.

பிரிப்பதற்குச் சில சுலபமான வழிகளும் சொன்னார். இரண்டு உயிர்ச் சத்தத்துக்கு நடுவே இரண்டு மெய் இருந்தால் பெரும்பாலும் நடுவில் வெட்டு: டாக்-டர், விண்-டோ. ஒரே மெய் இருந்தால் பல சமயம் அது அடுத்த அசையோடு போகும்: பே-பர், ஹோ-டெல். முன்னால் ஒட்டிய 'அன்', 'டிஸ்' போன்றவற்றையும், பின்னால் ஒட்டிய 'மென்ட்', 'நெஸ்' போன்றவற்றையும் முதலில் கழற்றி வைத்துவிட்டால் நடுவில் உள்ளது சின்னதாகிவிடும். பலாப்பழம் உரிக்கிற மாதிரிதான். மேல்தோலை எடுத்துவிட்டால் சுளை தானே தெரியும். அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் என்பவர் 1783-லேயே, குழந்தைகளுக்காக வார்த்தைகளை இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து ஒரு பாடப்புத்தகம் போட்டாராம். ஆங்கிலேயக் குழந்தைகளின் சந்ததிக்கே இப்படிச் சொல்லித்தர வேண்டியிருந்தது என்றால், எனக்கு என்ன வெட்கம்?

இரண்டாவது பாடம்தான் அந்த ஸ்ட்ரெஸ். அதாவது அழுத்தம்.

நம் தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. யார் சொன்னாலும் 'கல்' வேறு, 'கால்' வேறு. ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்குரிய பங்கைக் கொடுத்துவிடுகிறோம். பந்தியில் எல்லோருக்கும் சமமாகப் பரிமாறுகிற மாதிரி. ஆங்கிலம் அப்படி இல்லை. ஒரு வார்த்தையில் ஓர் அசை மாப்பிள்ளை மாதிரி. அதைத்தான் சத்தமாக, நீளமாக, கொஞ்சம் உயர்த்திச் சொல்ல வேண்டும். மற்றவை எல்லாம் பெண் வீட்டார் மாதிரி அடக்கமாக நின்றுகொள்ளும்! பல இடங்களில் அவற்றின் உயிரெழுத்து தேய்ந்துபோய் 'அ' என்றும் இல்லாமல் 'எ' என்றும் இல்லாமல் ஒரு முனகலாகிவிடும். அதற்கு 'ஷ்வா' என்று பெயர். அகராதியில் ஆங்கில 'இ' எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். 'பனானா'வில் முதலும் கடைசியும் முனகல்தான், நடுவில் உள்ள 'னா'வுக்குத்தான் மரியாதை.

டீச்சரம்மா தம்மிடமிருந்த தடித்த அகராதியைக் காட்டினார். ஹார்ன்பி என்பவர் ஆங்கிலம் கற்கும் வெளிநாட்டவருக்காகத் தயாரித்தது, ஆக்ஸ்ஃபோர்ட் அச்சகம் 1948 முதல் வெளியிட்டு வருகிறது. அதில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால், மேல்பக்கமாக ஒரு சின்னக் கோடு. இத்தனை வருஷம் அதை அச்சுப் பிழை என்றே நினைத்திருந்தேன்! அந்தக் கோட்டை இங்கேயும் போட்டுக் காட்டுகிறேன். பொ-'டே-டோ. ட-'மா-டோ. ப-'னா-னா. கோட்டுக்கு அடுத்த அசையை மட்டும் இழுத்து, உயர்த்திச் சொல்லுங்கள்.

அன்று முதல் என் சமையலறையே வகுப்பறை ஆயிற்று. காய்கறிக் கூடையைப் பிரிக்கும்போதே அசையையும் பிரிப்பேன். உருளைக்கிழங்கு, தக்காளி, வாழைப்பழம் மூன்றுக்கும் இரண்டாவது அசையில் அழுத்தம். 'கேபேஜ்', 'கேரட்', 'ஆனியன்', 'பிரிஞ்சால்' எல்லாவற்றுக்கும் முதல் அசையில். 'காலிஃப்ளவர்' நாலு அசை, 'கியூகம்பர்' மூன்று அசை, இரண்டிலும் முதலில்தான். கொத்தமல்லிக்கு நாலு அசை, மூன்றாவதில் அழுத்தம்: காரி-'ஆன்-டர். பெருங்காய டப்பாவில் போட்டிருக்கும் ஆங்கிலப் பெயரைப் படிக்க ஒரு வாரம் ஆயிற்று: அ-ஸ-'ஃபெ-டி-டா. ஐந்து அசை, மூன்றாவதில் அழுத்தம். என்னைத் தலைகுனிய வைத்த 'வெஜிடேபிள்' உண்மையில் மூன்றே அசைதான்: 'வெஜ்-ட-பிள். மேஜையே கிடையாது. டெவலப்மென்ட்டும் டி-'வெ-லப்-மென்ட், இடி இரண்டாவதில்.

குக்கர் விசிலை எண்ணுவது போல அசையை எண்ணி, எத்தனையாவது விசில் பெரிசு என்று கவனிப்பேன். மோவாய்க்குக் கீழே கையை வைத்துக்கொண்டு நான் முணுமுணுப்பதைப் பார்த்து என் மாமியாருக்கு ஆத்திரம் வரும். "என்னம்மா இது, விளக்கு வைக்கிற நேரத்திலே மோவாயிலே கையை வச்சுக்கிட்டு? கப்பலா கவிழ்ந்து போச்சு?"

"இல்லே அத்தை, இங்கிலீஷ் படிக்கிறேன்."

"இந்த வயசிலே படிச்சு நீ என்ன கலெக்டர் ஆகப் போறியா?"

சிரித்துக்கொண்டே அடுத்த வார்த்தைக்குப் போய்விடுவேன்.

சில பொதுவிதிகளும் தெரிந்துகொண்டேன். எல்லா இடத்திலும் செல்லாது, ஆனால் பத்துக்கு எட்டு இடத்தில் கைகொடுக்கும். 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம்: எஜு-'கே-ஷன், இன்ஃபர்-'மே-ஷன். 'இக்' என்று முடிந்தாலும் பெரும்பாலும் அப்படியே: எக-'னா-மிக். ஆனால் நம் மஞ்சள் இருக்கிறதே, அது இந்த விதிக்கு அடங்காது. 'டர்-ம-ரிக், முதல் அசையில்தான். எல்லா வீட்டிலும் சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளை ஒன்று இருக்குமே! 'எஞ்சினீயர்' போல 'ஈயர்' என்று முடிவதற்குக் கடைசியிலேயே அழுத்தம்: எஞ்ஜி-'னீயர். 'லஜி', 'லஜிஸ்ட்' என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது அசை. ஆஸ்பத்திரி போர்டில் பார்க்கும் அத்தனை நீளப் பெயருக்கும் இந்த ஒரு விதி போதும். இருதய டாக்டர் கார்-டி-'ஆ-ல-ஜிஸ்ட். பெண்கள் டாக்டர் கை-ன-'கா-ல-ஜிஸ்ட். நம் வீடுகளில் சர்வசாதாரணமாகிவிட்ட சர்க்கரை வியாதி ட-ய-'பீ-டிஸ், கொழுப்பு க-'லெஸ்-ட-ரால்.

ஒரே குடும்பத்தில் அழுத்தம் நகர்வதும் உண்டு. 'ஃபோட்டோகிராஃப்' என்றால் முதல் அசை. அதை எடுப்பவர் ஃப-'டா-க்ர-ஃபர், இரண்டாவது அசை. 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாவது. அழுத்தத்தை மாற்றினால் அர்த்தம் மாறும் வார்த்தைகளும் இருக்கின்றன. 'ப்ரெ-ஸன்ட் என்றால் பரிசு. ப்ரி-'ஸென்ட் என்றால் வழங்குவது. 'ரெ-கார்ட் என்றால் பதிவேடு. ரி-'கார்ட் என்றால் பதிவு செய்வது.

ஆஸ்பத்திரி வார்த்தைகள் படித்த அன்று டீச்சரம்மா இன்னொன்றும் சொல்லச் சொன்னார். பெ-னி-'ஸில்-லின். நாலு அசை, மூன்றாவதில் அழுத்தம். அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் 1928-ல் கண்டுபிடித்தது. நாலைந்து தடவை சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது: "அட, எங்க அத்தை 'பென்சில் ஊசி'ன்னு சொல்வாங்களே, அதுவா இது?" இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அன்றோடு முடிந்துவிடவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

என் மாமியாருக்கு 2011-ல் காலில் துருப்பிடித்த ஆணி குத்திப் புண் பெரிதாகிவிட்டது. ஒரு டாக்டர் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. உடனே மாற்று ஊசி போட்டு, பிராணவாயு வைத்துக் காப்பாற்றினார்கள். "இது ஆயுசுக்கும் கூடாது. எந்த டாக்டர்கிட்டே போனாலும் சொல்லிடுங்க" என்று ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்கள். வீடு மாறியபோது அந்தச் சீட்டு எங்கேயோ போய்விட்டது. மிஞ்சியது அத்தையின் ஞாபகத்தில் இருந்த 'பென்சில் ஊசி' மட்டும்தான்.

2023 நவம்பரில், நல்ல மழைக்காலத்தில் அத்தைக்கு ஜுரமும் தொண்டை வலியும் வந்தது. நான் சின்னவனை டியூஷனிலிருந்து அழைத்து வரப் போயிருந்தேன். என் வீட்டுக்காரர்தான் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனார். வழக்கமான டாக்டர் ஊரில் இல்லை. கூட்டமோ கூட்டம். அந்த டாக்டரும் கடமை தவறாமல், "ஏதாவது மருந்து ஒத்துக்காதா பாட்டி?" என்று கேட்டிருக்கிறார். அத்தையும் மறக்காமல், "பென்சில் ஊசி ஆகாது சாமி" என்று சொல்லியிருக்கிறார். தொண்டைக் கட்டு வேறு. டாக்டர் காதில் என்ன விழுந்ததோ, "ஊசி வேண்டாமா? சரி சரி, ஊசி போடலே, மாத்திரையே தர்றேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அத்தைக்கும் திருப்தி, என் வீட்டுக்காரருக்கும் திருப்தி.

ராத்திரி எட்டு மணி. ரசம் சாதம் கரைத்துக் கொடுத்துவிட்டு மாத்திரையை எடுத்தேன். அதற்குள் எனக்கு, கண்ணில் படுகிற எந்த நீள வார்த்தையையும் பிரித்துப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது என்கிற அளவுக்குப் பழக்கமாகியிருந்தது. பட்டையில் கம்பெனிப் பெயர் பெரிதாகவும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் தனியாகவும் போட்டிருந்தது. ஒரு கேப்ஸ்யூலைப் பிய்த்து அத்தை கையில் கொடுத்துவிட்டு, விளக்கடியில் பட்டையைத் தூக்கிப் பிடித்துப் படித்தேன்.

அ-மாக்-ஸி-'ஸில்-லின். ஐந்து அசை. நாலாவதில் அழுத்தம் போட்டால்தான் வாய்க்குச் சரியாக வந்தது. இன்னொரு தடவை சொன்னேன். 'ஸில்-லின். 'ஸில்-லின். இந்த வாலை எங்கேயோ கேட்டிருக்கிறேனே? அதே இழுப்பு, அதே ஏற்றம்... பெ-னி-'ஸில்-லின்!

அத்தை ஒரு கையில் கேப்ஸ்யூலும் மறு கையில் தண்ணீர் டம்ளருமாக வாயைத் திறந்துவிட்டார்.

"அத்தை, கொஞ்சம் இருங்க! போட்டுக்காதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் டம்ளர் தண்ணீர் புடவையில் கொட்டியது. "என்னடி ஆச்சு உனக்கு?" என்று அவர் கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லாமல் மருந்துக் கடைக்குப் போன் போட்டேன். "தம்பி, அமாக்ஸிஸிலினும் பெனிசிலினும் ஒண்ணுக்கொண்ணு சொந்தமா?" என்று கேட்டேன். எனக்கு வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அந்தப் பையன், "ஆமாக்கா, ஒரே குடும்பம்தான். பெனிசிலின் ஒத்துக்காதவங்களுக்கு இதுவும் கூடாது. யாருக்குக்கா? கொடுத்துட்டீங்களா?" என்று பதறினான்.

என் வீட்டுக்காரர் கிளினிக்குக்குப் போன் செய்து என்னிடம் கொடுத்தார். டாக்டரே பேசினார். "முன்னாடி எந்த மருந்துக்கு அப்படி ஆச்சு?" என்றார். வெட்கப்படாமல், அவசரப்படாமல், நாலு அசையையும் தெளிவாகச் சொன்னேன். ஒரு விநாடி மறுமுனையில் பேச்சே இல்லை. பிறகு, "நல்ல வேளைம்மா. அதைத் தொடவே தொடாதீங்க. உடனே ஆளை அனுப்புங்க, வேற மாத்தித் தர்றேன்" என்றார். போனவரிடம் வேறு மருந்து கொடுத்ததோடு, அத்தையின் நோட்டில் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக 'பெனிசிலின் கூடாது' என்றும் எழுதி அனுப்பினார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தை சொல்லாமல் இல்லை, டாக்டர் கேட்காமல் இல்லை. நடுவில் ஒரு வார்த்தை இரண்டு அசையை இழந்து, அழுத்தத்தை இழந்து, வெறும் பென்சிலாகிப் போனதுதான் காரணம். நானும் விஷயம் தெரிந்த அன்றே, இது ஒரு வேடிக்கை என்று சிரித்தேனே தவிர, ஒரு காகிதத்தில் எழுதி அத்தையின் சுருக்குப் பையில் போடவில்லையே என்று உறுத்திற்று.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மருந்துகளின் பொதுப்பெயர்களை உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் பட்டியலிட்டு வருகிறது. ஒரே இனத்து மருந்துகளுக்குப் பெரும்பாலும் ஒரே மாதிரி வால் வைக்கிறார்கள், நம் குடும்பங்களில் தாத்தா பெயரைச் சேர்த்து வைப்பது போல. 'ஸிலின்' என்று முடிந்தால் பெனிசிலின் இனம். 'ஸ்டாட்டின்' என்றால் கொழுப்பைக் குறைப்பது. 'ப்ரஸோல்' என்றால் வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைப்பது. 'ப்ரில்' என்றால் ரத்த அழுத்தத்துக்கு. 'ஓலால்' என்றால் ரத்த அழுத்தம், இருதயம் சம்பந்தப்பட்டது. இந்த வாலெல்லாம் அசை பிரித்தால்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் சகோதரிகளே, ஒன்று சொல்லிவிடுகிறேன். வாலைப் பார்த்து நாமே மருந்தை நிறுத்துவதோ மாற்றுவதோ கூடாது. சந்தேகம் வந்தால் டாக்டரையோ மருந்துக் கடையில் படித்த மருந்தாளுநரையோ கேட்க வேண்டும். ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து சேர்ந்திருப்பதும் உண்டு. ஆகவே பட்டையில் உள்ள எல்லா வரியையும் படியுங்கள். வீட்டில் யாருக்காவது ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால், அதன் பெயரை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, பர்ஸில் ஒன்று, மருத்துவ நோட்டில் ஒன்று, போனில் ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியது தொலைந்தாலும் வாயில் இருக்கட்டும் என்று, அந்தப் பெயரை அசை பிரித்து நாலு தடவை சொல்லிப் பழகுங்கள்.

உச்சரிப்பு தவறினால் குடி முழுகிவிடாது. ஆங்கிலேயர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. 'லேபரட்டரி'க்கு இங்கிலாந்தில் இரண்டாவது அசையில் அழுத்தம், அமெரிக்காவில் முதல் அசையில். 'அட்வர்டைஸ்மென்ட்'டுக்கு அங்கே இரண்டாவது, இங்கே மூன்றாவது. யாரைப் பார்த்து யார் சிரிப்பது? கேட்பவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்.

2024-ல் என் பெரியவள் காலேஜில் சேர்ந்தாள். அட்மிஷனுக்கு முதல் நாள், புகைப்படக்கலை பற்றி ஏதோ பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஃபோட்டோகிராஃபி' என்று முதல் அசையிலேயே இடித்தாள். நான் வாழைக்காய் சீவிக்கொண்டே, "ஃப-'டா-க்ர-ஃபி. ரெண்டாவதுலே அழுத்தம்" என்றேன். அவள் அகராதியைப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்கு வந்து, "அம்மா, நாளைக்கு அப்பாவுக்கு ஆபீஸ் இருக்கு. நீ வர்றியா?" என்றாள்.

அப்பாவுக்கு மறுநாள் லீவு என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். போய் வந்தேன்.

அத்தைதான் இன்னும் பென்சிலை விடவில்லை. விடுவேனா நான்? சாயங்காலம் காப்பி குடித்ததும் உட்கார வைத்துவிடுவேன். விளக்கு வைப்பதற்குள் பாடம் முடிந்துவிட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. மோவாய்க்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, பொக்கை வாயால், "பெ... னி... ஸில்லு... லின். அஞ்சாச்சே?" என்கிறார்.

"அந்த 'லு'வை விட்டுடுங்க அத்தை" என்கிறேன்.

நாலுக்கு வந்துவிடுவார். நம்பிக்கை இருக்கிறது!